ஒரு கண்ணியை வெட்டினால் தீராத பிரச்சினை

சைக்கிள் செயின் லூஸாகிவிட்டால் நம் ஊர்க் கடைகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். பின் சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு மேல் இழுக்க இடமில்லை என்றால் செயினில் கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பூட்டுவார்கள். தொங்கல் போய்விடும், கவரில் உரசும் சத்தம் நின்றுவிடும், வண்டியும் ஓடும். ஆனால் செயின் எதனால் தொங்கியதோ அந்தக் காரணம் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியிலும் அப்படியே இருக்கிறது, இனி அது பல்சக்கரங்களைத் தின்ன ஆரம்பிக்கும். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய செலவாக வந்து நிற்கிறது, ஏனென்றால் அந்த வண்டிகளில் தொங்கல் கண்ணுக்கே தெரியாது. செயினை ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெயிலியரின் ஸ்பிரிங் தளர்வை எல்லாம் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். செயின் எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை, பலரும் அளப்பதில்லை.

முதலில் செயினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு செயினில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வரும். வெளிக் கண்ணி என்பது இரண்டு பிளேட்டுகளும் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும், ஆணி போன்ற இரண்டு பின்களும். உள் கண்ணியில் இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவே குழல் போன்ற புஷ் இருக்கும், புஷ்ஷின் மேல் ரோலர் சுழலும், புஷ்ஷுக்குள்ளே பின் புகுந்திருக்கும். சைக்கிள் பெரிதோ சிறிதோ, ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். இதைத்தான் பிட்ச் என்கிறோம். இந்த அமைப்புக்கு 1880-ல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட். அவருக்கு முன்பிருந்த செயின்களில் பின் நேரடியாக மெல்லிய பிளேட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு குறுகிய இடத்தில் முழு இழுவையும் விழுந்ததால் சீக்கிரம் அறுத்துக்கொண்டது. ரெனால்ட் நடுவில் ஒரு புஷ்ஷை வைத்து அதே சுமையைப் பின்னின் நீளம் முழுக்கப் பரப்பினார். தேய்மானத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் நோக்கமே.

இன்றைய கியர் சைக்கிள் செயின்களில் தனி புஷ் கிடையாது. உள் பிளேட்டின் துளையைச் சுற்றி ஒரு சின்ன கழுத்து போல உருவாக்கியிருப்பார்கள், இரண்டு பக்கத்துக் கழுத்தும் சேர்ந்து புஷ்ஷின் வேலையைச் செய்யும். செயின் பக்கவாட்டில் நன்றாக வளையும், எண்ணெயும் எளிதில் உள்ளே போகும். எண்ணெய் போகும் அதே வழியில் தண்ணீரும் மண்ணும் போகும், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செயின் நேராக ஓடும்போது கண்ணிகள் ஒன்றுக்கொன்று அசைவதில்லை. பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் மடங்கி நிமிரும். அந்த மடங்கலில் பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்புகிறது, அதுவும் மேல்பக்கத்தில் முழு இழுவையோடு. அந்த இழுவை எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் எழுந்து நின்று ஒரு பெடலில் முழு எடையையும் போடுகிறார், க்ராங்க், அதாவது பெடல் தண்டு, 170 மில்லிமீட்டர், முன் பல்சக்கரத்தில் 44 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். 44 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 89 மில்லிமீட்டர். ஆக செயினில் விழும் இழுவை கிட்டத்தட்ட 134 கிலோ. அதுவே 24 பல் உள்ள சின்ன முன் சக்கரமாக இருந்தால் 245 கிலோ வரை போகும். இத்தனையும் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பின்னின் மேல்.

பின்னின் ஒரு பக்கம் தேய்கிறது, புஷ்ஷின் உட்பக்கம் தேய்கிறது, நடுவே இடைவெளி விழுகிறது. இழுவை வரும்போது அந்த இடைவெளி அளவுக்குக் கண்ணிகள் விலகிக்கொள்கின்றன. பிளேட்டுகள் ரப்பர் மாதிரி நீளுவதில்லை, நாம் மிதிக்கிற விசைக்கு அந்த எஃகு நிரந்தரமாக நீண்டுவிடாது. நூற்றுச் சொச்சம் மூட்டுகளில் விழுந்த சின்னச் சின்ன இடைவெளிகளின் கூட்டுத்தொகைதான் நாம் பார்க்கும் 'செயின் நீண்டுபோச்சு'. செயினை மாற்றச் சொல்லும் அளவான அரை சதவீதத்தில் ஒரு மூட்டுக்குத் தேய்மானம் 0.06 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடியின் கனம். அதனால் செயினைக் கையில் எடுத்து வெறும் கண்ணால் பார்த்து 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இப்போது கண்ணி வெட்டும் விஷயத்துக்கு வரலாம். சாதாரண கியர் இல்லாத சைக்கிளில் செயினில் ஏறத்தாழ 110 கண்ணிகள் இருக்கும், மொத்த நீளம் சுமார் 1.4 மீட்டர். வெட்டும்போது ஒரு உள் கண்ணியும் ஒரு வெளிக் கண்ணியும் சேர்ந்து ஜோடியாகத்தான் எடுக்க முடியும் (அரைக் கண்ணி என்று தனியாக ஒன்று உண்டு, அதைப் போட்டால் மட்டும் பாதி எடுக்கலாம்). ஒரு ஜோடி என்பது ஒரு இன்ச், 25.4 மில்லிமீட்டர். அவ்வளவு நீளம் கூடுதலாகச் சேர்ந்திருந்தால்தான் வெட்டவே முடியும். புதிதாகப் பூட்டியபோது சரியான அளவில் இருந்த செயின் தேய்மானத்தால் மட்டுமே ஒரு இன்ச் கூடியிருக்கிறது என்றால் அது 1.8 சதவீதத் தேய்மானம். கியர் இல்லாத சைக்கிளுக்கு எல்லை என்று சொல்வது 1 சதவீதம். அதாவது கண்ணி வெட்டும் நிலைக்கு வந்த செயின், தூக்கிப் போட வேண்டிய நிலையைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துவிட்டது. வெட்டிய பிறகு மொத்த நீளம் சரியாகிவிடும், ஆனால் ஒவ்வொரு கண்ணியின் பிட்சும் பல்லோடு பொருந்தாமலே இருக்கும். மெக்கானிக்குகள் தெரியாமல் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். புது செயினும் பின்னால் உள்ள பல்சக்கரமான ஃப்ரீவீலும் சேர்த்து மாற்றப் பணம் இல்லாதவருக்கு வண்டியை இன்னும் கொஞ்ச காலம் ஓட வைத்துக் கொடுப்பது ஒரு உதவிதான், அதை நான் மதிக்கிறேன். அது தற்காலிக ஏற்பாடு என்பது மட்டும் வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிட்ச் பொருந்தாவிட்டால் பல்லுக்கு என்ன ஆகிறது? பின்னால் உள்ள பல்சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயின் அடியில் தளர்வாக ஏறி, பின்பக்கமாகச் சுற்றி, மேலே இறுக்கமாக வெளியேறுகிறது. புது செயினாக இருந்தால் பிட்ச் பல்லின் இடைவெளியோடு பொருந்துவதால் பல ரோலர்கள் ஒரே சமயத்தில் பல பற்களைத் தொட்டு இழுக்கும். மேலே வெளியேறும் இடத்திலுள்ள பல்லுக்கு அதிகச் சுமை, அதற்கு அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்து இன்னும் குறைவு என்று பகிர்ந்துகொள்ளும். செயின் தேய்ந்து பிட்ச் கூடிவிட்டால், வெளியேறும் இடத்திலுள்ள ரோலர் தன் பல்லைத் தொடும்போது அதற்குப் பின்னால் வரும் ரோலர் தன் பல்லைத் தொடாமல் சற்றுப் பின்னால் நிற்கும், அதற்கும் பின்னால் உள்ளது இன்னும் பின்னால். ஆக அந்த நூற்றுச் சொச்சம் கிலோவும் பெரும்பாலும் ஒரே பல்லின் மேல். அந்த ரோலர் சுமையோடேயே பல்லின் முகத்தில் உரசி மேலேறி வெளியே போகும், அடுத்த ரோலர் முன்னால் நகர்ந்து அடுத்த பல்லில் மோதும். இப்படி ஒவ்வொரு பல்லும் தனியாக முழுச் சுமையையும் வாங்கி வாங்கி, ரோலர் உட்காரும் இடம் குழிந்து, பல்லின் நுனி கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். இதற்குப் பிறகு தேய்ந்த செயினும் தேய்ந்த சக்கரமும் ஒன்றுக்கொன்று பழகிவிடும். வண்டி எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும். இந்த நிலைதான் ஏமாற்றுவது, எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

ஒருநாள் செயினை மட்டும் மாற்றுகிறீர்கள். புது செயின், சரியான 12.7 பிட்ச். மேலே உள்ள ரோலர் குழிந்த இடத்தில் போய் உட்காருகிறது, அடுத்தடுத்து அடியில் ஏற வேண்டிய ரோலர்களுக்குக் கொக்கி நுனி வழியை மறைக்கிறது, பள்ளத்தில் இறங்க முடியாமல் பல்லின் மேலேயே ஏறி நிற்கின்றன. லேசாக மிதித்தால் தெரியாது. அழுத்தி மிதித்ததும் 'டக்' என்று ஒரு பல் தாவும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதோ, சிக்னலில் அவசரமாகக் கிளம்பும்போதோ இது நடந்தால் கால் பிடிப்பில்லாமல் கீழே போய், நெஞ்சு ஹேண்டில்பாரில் அடிக்கும், பின்னால் வண்டி வந்துகொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் புது செயின் போட்ட பிறகு வீட்டு வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நெரிசலான சாலைக்குப் போகாதீர்கள். வெறிச்சோடிய தெருவில், உட்கார்ந்தபடியே, பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கியரிலும் அழுத்தி மிதித்துப் பாருங்கள். தாவினால் புது செயின்மேல் பழி போடக் கூடாது. கோளாறு பழைய பல்லில் இருக்கிறது.

இந்தத் தாவல் பெரும்பாலும் எல்லா கியரிலும் வராது, நாம் அதிகம் ஓட்டும் ஒன்றிரண்டு கியரில்தான் வரும். மற்ற சக்கரங்கள் அவ்வளவு தேய்ந்திருக்காது. குறிப்பாகச் சின்ன சக்கரங்கள் சீக்கிரம் போகும். முன்னால் 44, பின்னால் 11 என்றால் முன் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பின் சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றும், அதன் ஒவ்வொரு பல்லும் நான்கு மடங்கு அடி வாங்கும். அதோடு நிற்பதில்லை. சக்கரம் சின்னதாக ஆக ஆக செயின் அதிகமாக மடங்க வேண்டியிருக்கிறது. 24 பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 15 டிகிரி மடங்கினால் போதும், 12 பல் சக்கரத்தில் 30 டிகிரி. அப்படியென்றால் பின்னும் இரண்டு மடங்கு உரசுகிறது.

இதிலிருந்து கியர் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் ஒரு கணக்கு வரும். முன்னால் 48 பின்னால் 24 போட்டாலும், முன்னால் 24 பின்னால் 12 போட்டாலும் கால் உணரும் பளு ஒன்றுதான், இரண்டுக்கும் விகிதம் 2. ஆனால் பெரிய ஜோடியில் செயினின் இழுவை பாதி. மடங்கும் கோணமும் பாதி. செயின் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், அதனால் மடங்கும் தடவைகள் இரட்டிப்பு. மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் தேய்மானம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஒரே பளுவை இரண்டு விதமாக அமைக்க முடிகிற இடத்தில் பெரிய சக்கரங்களைத் தேர்ந்தெடுப்பது செயினுக்கும் பல்லுக்கும் நல்லது. செயின் ரொம்பக் கோணலாக ஓடும்படி, அதாவது முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் என்று போடாமல் இருந்தால் சரி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செய்து 1999-ல் வெளிவந்த சோதனையிலும் பெரிய பல்சக்கரங்களில்தான் குறைவான சக்தி வீணானது. நல்ல நிலையில் ஒரு செயின் 98.6 சதவீதம் வரை சக்தியைக் கடத்தியது.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. எண்ணெய் போட்டதற்கும் போடாததற்கும் செயல்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு எண்ணெயே தேவையில்லை என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது, ஆய்வகத்தில் புழுதி இல்லை. மண் உள்ளே புகாதபடி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதுதான் எண்ணெயின் வேலை போலிருக்கிறது என்று அவர்களே கருதினார்கள். சாலையில் ஓடும் செயினின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த மண்தான். நம் சாலையோர மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், சாதாரண எஃகைக் கீறக்கூடிய கடினம் அதற்கு உண்டு. எண்ணெயில் கலந்த நுண்ணிய மணல் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போய்விட்டால் ஒவ்வொரு மடங்கலும் அரைத்தல்தான்.

இந்த இடத்தில் நம் பழக்கங்கள் சிலவற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் பைக்கிலிருந்து வடித்த பழைய கருப்பு இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றுவது பரவலாக இருக்கிறது. அதில் ஏற்கெனவே இன்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் இருக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். கிரீஸை வெளியே அப்புவதும் வேண்டாம், அது மூட்டுக்குள் இறங்காமல் வெளியிலேயே நின்று போகிற வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஒரு நாள் சத்தத்தை நிறுத்தும், அப்புறம் பிசுபிசுப்பாக இறுகும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ செயினைக் கழுவுவது தவறில்லை, ஆனால் கழுவிய கையோடு மேலே எண்ணெய் விட்டால் உள்ளே தேங்கியிருக்கும் மண்ணெண்ணெய் அந்த எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு ரோலரிலும் ஒரு சொட்டு, செயினின் உட்பக்கத்திலிருந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே இருப்பதை முழுவதுமாகத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் தேவைப்படுவது உள்ளேதான். இந்தக் கடைசித் துடைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் எந்தக் கம்பெனி எண்ணெய் என்பதைவிட இதுதான் முக்கியம். இப்போது பாரஃபின் மெழுகைச் சூடாக்கி அதில் செயினை முக்கி எடுக்கும் முறையும் பரவி வருகிறது. மெழுகு காய்ந்து கெட்டியாகிவிடுவதால் தூசி ஒட்டாது, வறண்ட புழுதிச் சாலைக்கு அருமையான முறை. ஆனால் முதலில் செயினில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஒட்டுமொத்தமாகப் போக்க வேண்டும், மழையில் நனைந்தால் சீக்கிரம் மறுபடி முக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தினமும் ஓட்டுபவருக்கு நான் எண்ணெயைத்தான் சொல்வேன்.

தாத்தா காலத்து கருப்பு சைக்கிளின் செயின் மட்டும் எப்படி அத்தனை வருடம் வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து இரும்பே வேறு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். முழுதாக மூடிய செயின் கவரைத்தான் முதல் காரணமாக நான் நினைக்கிறேன். மழைத் தண்ணீர், முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு, எதுவும் நேராகச் செயினில் படாது. அடுத்தது, கியர் மாற்றம் இல்லாததால் செயின் ஒரே நேர்கோட்டில் ஓடும், பக்கவாட்டில் இழுபடாது. மூன்றாவது, அந்தச் செயினின் உள் அகலம் 1/8 இன்ச், பல்லும் அதற்கேற்றபடி தடிமனானது, பின்னும் புஷ்ஷும் தொட்டுக்கொள்ளும் பரப்பு அதிகம். 8 கியர் (பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை) வரையிலான செயின்களில் உள் அகலம் 3/32 இன்ச் ஆகிறது, 9 கியர் முதல் இன்னும் குறைகிறது. 12 கியர் செயினின் மொத்த வெளி அகலமே சுமார் 5.3 மில்லிமீட்டர். இந்த மெல்லிய செயின்கள் மோசமானவை என்று சொல்ல வரவில்லை, நல்ல எஃகும் கடினப்படுத்தலும் மேற்பூச்சும் வந்திருப்பதால் விலை உயர்ந்த 12 கியர் செயின் மலிவான 7 கியர் செயினைவிட அதிக தூரம் வருவதும் உண்டு. ஆனால் கவர் இல்லாமல் திறந்தவெளியில் ஓடுகிற செயினுக்குக் கவர் போட்ட செயினுக்குக் காட்டுகிற அளவு கவனம் போதாது, இதை மட்டும் மனதில் வையுங்கள்.

சரி, அளப்பது எப்படி? தனிக் கருவி கட்டாயமில்லை. இன்ச் குறியிட்ட ஒரு ஸ்டீல் ஸ்கேல், 12 இன்ச் முழுதாக இருப்பது, ஸ்டேஷனரி கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கும். பெடலைக் கொஞ்சம் அழுத்தி, பிரேக்கைப் பிடித்து, செயினின் மேல் பகுதியை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் இடது விளிம்பில் வையுங்கள். அரை இன்ச்சுக்கு ஒரு பின் என்பதால் 24 பின் தள்ளி இருக்கும் பின்னின் இடது விளிம்பு சரியாக 12 இன்ச்சில் நிற்க வேண்டும். 1/16 இன்ச் தள்ளி நின்றால் அரை சதவீதத்தைத் தொட்டுவிட்டது. 1/8 இன்ச் தள்ளி நின்றால் 1 சதவீதம், செயின் முடிந்தது, பின்னால் உள்ள சக்கரங்களையும் சந்தேகப்பட வேண்டும்.

கடையில் விற்கும் செயின் செக்கர் வேகமானது, செயினுக்குள் விழுகிறதா இல்லையா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். அதில் ஒரு சிக்கலும் உண்டு. மலிவான செக்கர்கள் இரண்டு முனையிலும் ரோலர்களை எதிரெதிர்த் திசையில் தள்ளி அளக்கின்றன. ரோலருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள ஆட்டமும் அதில் சேர்ந்துவிடுகிறது. பல்லைக் கெடுப்பது பின்னில் விழும் தேய்மானம், ரோலர் ஆட்டம் அப்படிக் கெடுப்பதில்லை, ஏனென்றால் எல்லா ரோலரும் ஒரே பக்கமாக ஒரே அளவு நகர்ந்தால் பிட்ச் மாறாது. ஆகவே இந்த வகை செக்கர் நல்ல செயினையும் தேய்ந்ததாகக் காட்டக்கூடும். ஷிமானோவின் டிஎல்-சிஎன்42, பார்க் டூலின் சிசி-4 போன்றவை மூன்று இடத்தில் தொட்டு, ரோலர்களை ஒரே திசையில் தள்ளி அளப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. ஸ்ராமின் ஃப்ளாட்டாப் செயின்களில் ரோலரின் விட்டமே வேறு என்பதால் பழைய செக்கர்கள் அவற்றுக்குப் பொருந்தாது. ஸ்கேலுக்கு இந்த வம்பு எதுவும் கிடையாது, பின்னிலிருந்து பின்னுக்குத்தான் அளக்கிறோம்.

ஸ்கேலும் இல்லாதபோது ஒரு நாட்டுவழி உண்டு. முன்னால் பெரிய சக்கரத்தின் முன்விளிம்பில், செயினை விரலால் பிடித்து முன்பக்கமாக இழுத்துப் பாருங்கள். 50 பல் சக்கரத்தின் பாதிச் சுற்றில் 25 பற்கள், ஒவ்வொன்றிலும் 0.127 மில்லிமீட்டர் வித்தியாசம் சேர்ந்தால் 1 சதவீதத் தேய்மானத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தளர்வு கூடிவிடும். பல்லின் பாதி வெளியே தெரியும்படி செயின் எழும்பி வந்தால் செயின் கதை முடிந்தது என்று அர்த்தம். எழும்பவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அரை சதவீதத்தைக் கண்டுபிடிக்கும் நுட்பம் இதற்கு இல்லை.

எப்போது மாற்றுவது? 11, 12 கியர் வண்டிகளுக்கு 0.5 சதவீதம். 8, 9, 10 கியர் வண்டிகளுக்கு 0.75 வரை விடலாம் என்பது பரவலான வழக்கம், நான் அதற்குச் சற்று முன்பே மாற்றச் சொல்வேன். கியர் இல்லாததற்கும் கியர் பெட்டி ஹப்புக்குள் இருப்பதற்கும் 1 சதவீதம். கிலோமீட்டரை வைத்துச் சொல்வது கஷ்டம். ஓட்டுபவரின் எடை, மேடு பள்ளம், மழை, கடற்கரைச் சாலை உப்புக் காற்று, எண்ணெய் போடும் ஒழுங்கு என்று எல்லாமே சேர்ந்து, ஒரே செயின் ஒருவரிடம் 2,000 கிலோமீட்டரிலேயே முடியும், இன்னொருவரிடம் 5,000 தாண்டியும் ஓடும். அதனால் மாதம் ஒருமுறை ஸ்கேலை வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

எல்லாருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் உள்ள பல்சக்கர அடுக்கான கேசட்டின் விலை செயினின் விலையைப் போல மூன்று நான்கு மடங்கு என்றால், செயினை நேரத்துக்கு மாற்றுவதில் லாபம் தெளிவாகத் தெரியும், ஒரு கேசட்டுக்கு இரண்டு மூன்று செயினாவது போடலாம். ஆனால் ஆரம்பநிலை கியர் சைக்கிளில் வரும் 7 கியர் ஃப்ரீவீலின் விலை செயினின் விலையிலிருந்து அதிகம் தள்ளி இருக்காது. அந்த வண்டிக்கு இரண்டையும் சேர்ந்தே தேயவிட்டு, சேர்ந்தே மாற்றுவதும் நியாயமான முடிவுதான், மோட்டார் பைக்கில் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டாக மாற்றுகிறோமே அதே வழி. அப்படி முடிவு செய்தால் நடுவில் செயினை மட்டும் மாற்றக் கூடாது, தாவல் வரும். அதே சமயம் தாவாமல் ஓடுகிறது என்பதற்காக முடிவில்லாமல் விட்டுவைக்கவும் கூடாது, முன் சக்கரமும் கூடவே போய்விடும்.

முன் சக்கரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு, ஏனென்றால் அது மெதுவாகத் தேயும். பல் அதிகம், சுமை பங்கிடப்படுகிறது. ஆனால் பெரிய முன் சக்கரங்கள் பெரும்பாலும் அலுமினியம், தேய்ந்த செயினோடு நீண்ட காலம் ஓட்டினால் அவையும் கொக்கியாகும். மூன்று முன் சக்கரம் உள்ள வண்டிகளில் சின்னது தேய்ந்தால் வேறொரு தொல்லை வரும். கொக்கிப் பற்கள் அடியில் செயினை விட மறுக்கும், செயின் சக்கரத்தோடேயே சுற்றி மேலே வந்து சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கும். சேற்றில் ஓட்டும்போது இது அதிகம். அப்படிச் சிக்கும்போது மேலும் அழுத்தி மிதித்தால் சட்டத்தின் பெயின்ட் மட்டும் போகாது, டிரெயிலியரும் வளையும். மிதிப்பதை உடனே நிறுத்தி, பெடலைப் பின்பக்கம் சுற்றி எடுக்க வேண்டும்.

டிரெயிலியரில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் சக்கரங்களின் பல் ஊசியாகிவிட்டால் பயப்பட வேண்டாம், அவற்றில் இழுவை கிடையாது, சத்தமும் ஆட்டமும் பொறுக்க முடியாமல் போனால் மாற்றிக்கொள்ளலாம். கியர் மாறுவது மந்தமாவதற்குக் கேபிளைத்தான் முதலில் குற்றம் சொல்வோம், ஆனால் தேய்ந்த செயின் பக்கவாட்டிலும் தொளதொளவென்று வளைவதால் டிரெயிலியர் தள்ளிய அளவுக்கு உடனே நகராது. கேபிள் புதிது, அட்ஜஸ்ட்மென்டும் சரி, இருந்தும் கியர் தயங்கி விழுகிறது என்றால் செயினை அளந்து பாருங்கள். நடுவில் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் சைக்கிள் என்றால் அடிக்கடியே அளக்க வேண்டும், கால் விசையோடு மோட்டார் விசையும் அதே செயின் வழியாகத்தான் போகிறது.

புது செயின் வாங்கும்போது எத்தனை கியர் என்று சொல்லி வாங்குங்கள், முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் பெருக்கி வரும் 21, 27 அல்ல, பின்னால் மட்டும் எத்தனை சக்கரம் என்பதுதான் கணக்கு. நீளத்தைப் பழைய செயினோடு தொங்கவிட்டு ஒப்பிட்டு வெட்டுவது பலருடைய வழக்கம். பழையது தேய்ந்து கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் வரை கூடியிருக்கலாம் என்பதால் அதில் ஒரு ஜோடி தவறிப்போக வாய்ப்பு உண்டு. பழைய செயினில் கண்ணிகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் புதியதை வெட்டுங்கள்.